சொந்த ஊர் எது அப்பாயி?

பந்தலூரில் அன்று காலையிலிருந்தே மழை. ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி, பள்ளியில் கொடுத்த படிவத்தோடு அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் எழுதியாகிவிட்டது. 'சொந்த ஊர்' என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"நம்ம சொந்த ஊர் எது அப்பாயி?"

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பாட்டியின் கை ஒரு நிமிடம் நின்றது. எழுபது வயதைத் தாண்டியவர். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்காத அலுவலகம் இல்லை. ரேஷன் கார்டுக்குப் போனபோது கேட்டார்கள். மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனபோது கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு மூன்று பதில்கள் நாக்கு நுனி வரை வரும். எதைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் திருப்தி அடைய மாட்டார்.

பாட்டியின் கொள்ளுத்தாத்தா துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பஞ்சம் பிழைக்க இலங்கைக்குப் போனவர். பாட்டி பிறந்தது 1954-ல், அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஐம்பது வருடத்துக்கு மேலாக வாழ்வது நீலகிரியில். மூன்று ஊருமே சொந்தம்தான். ஆனால், படிவத்தில் இருப்பதோ ஒரே ஒரு கோடு.

இலங்கையின் மலைகளில் காப்பித் தோட்டம் போடுவதற்காக ஆங்கிலேயர்கள் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுபோகத் தொடங்கியது 1820-களில். காப்பிச் செடிகள் நோயில் அழிந்த பிறகு தேயிலை வந்தது. காடு வெட்டியவர்களும் கொழுந்து பறித்தவர்களும் அங்கேயே பிள்ளை பெற்றார்கள், அங்கேயே மண்ணுக்குள் போனார்கள். மூன்று, நான்கு தலைமுறைகள் இப்படியே கழிந்தன.

1947-ல் நடந்த தேர்தலில் பாட்டியின் அப்பா ஓட்டுப் போட்டிருக்கிறார். அப்போது அவருக்கு 25 வயது. அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் ஜெயித்து நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த வருடம் பிப்ரவரி 4-ம் தேதி இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது. அதே 1948-ல் குடியுரிமைச் சட்டமும் வந்தது. 'நீ இங்கே பிறந்தது போதாது. உன் அப்பாவும் இங்கே பிறந்தவர் என்று காட்டு. இல்லையென்றால், தாத்தாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்ததைக் காட்டு' என்றது அது. லயத்துக் காம்பராவில் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1949-ல் ஓட்டுரிமையும் போனது. நாடு விடுதலை அடைந்த வேகத்தில், தோட்டத்து ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் நாடில்லாதவர்கள் ஆனார்கள். இந்தியாவும் உடனே 'இவர்கள் எங்கள் பிள்ளைகள்' என்று சொல்லிவிடவில்லை.

அதற்கப்புறம் ஆறு வருடம் கழித்துப் பிறந்த பாட்டி, பிறக்கும்போதே எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத குழந்தை. அதற்காக அவர் அழவில்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது. தேயிலைச் செடிக்குள் ஒளிந்து விளையாடினார். பன்னிரண்டு வயதில் தலையில் கூடை ஏறியது. கொழுந்து நிறை குறைந்தால் முழு நாள் உழைத்தாலும் 'அரைப் பேர்'தான் போடுவார்கள் என்ற கணக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

1964 அக்டோபர் 30-ம் தேதி பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நாடில்லாமல் இருந்தவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அவர்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

பாட்டியின் அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார். அக்காவோ அதற்குள் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அக்காவின் மாமனார் இலங்கைக்கு மனுப் போட்டார். ஒரே அடுப்பில் சோறு தின்ற இரண்டு பெண் பிள்ளைகள் இரண்டு நாட்டுப் பட்டியலில் விழுந்தார்கள்.

1971-ல் பாட்டிக்குப் பதினேழு வயது. அட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார் போகும் ரயில் நின்றது. மலையகத்தில் ரயிலுக்குக் 'கோச்சி' என்று பெயர். நாடு விட்டுப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போனதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் முடியும் வரை ஓடிவந்தார். அதற்கு மேல் பாட்டி சொல்ல மாட்டார்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழக அரசு 1968-லிருந்து இங்கே தேயிலைத் தோட்டங்களைப் போட்டுவந்தது. 'டான்டீ' என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த கழகம் அதிலிருந்து வந்ததுதான். அதே குளிர், அதே செடி, அதே அட்டைக்கடி. ஊர் மாறிய மாதிரியே தெரியவில்லை.

ஆனால், பெயர் மாறியது. அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரன்' என்றார்கள். கோபம் வந்தால் 'கள்ளத்தோணி' என்றார்கள், 'தோட்டக்காட்டான்' என்றார்கள். இங்கே வந்து இறங்கிய மறுநாளே 'சிலோன்காரங்க' ஆகிவிட்டார்கள். சந்தையில் காய் வாங்கினால் "சிலோன்காரம்மா, பார்த்து எடுங்க" என்று ஒரு குரல். பேசுவதும் தமிழ், கும்பிடுவதும் மாரியம்மன். இருந்தும் வித்தியாசம் தெரிந்துவிடும். ரயிலைக் கோச்சி என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

1977-ல் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வரிசையில் அப்பாவும் மகளும் முன்னும் பின்னுமாக நின்றார்கள். பாட்டிக்கு அது முதல் ஓட்டு. அப்பாவுக்கு முப்பது வருடத்துக்குப் பிறகு ஓர் ஓட்டு. விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்த அப்பா, அதைக் காயவிடுவதுபோல் கையை நீட்டியபடியே வீடு வரை நடந்தார். யாருக்குப் போட்டார் என்று சொல்லவில்லை. "நம்மளையும் ஒரு ஆளா எண்ணிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். நாடு என்றால் என்னவென்று பாட்டிக்கு அன்றுதான் புரிந்தது. கொடியும் பாட்டும் பிறகு வருகிறவை. முதலில் எண்ணிக்கையில் நீ இருக்க வேண்டும்.

2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடந்தது. லயத்தில் டிவி இருந்த வீட்டில் கூட்டம். டெண்டுல்கருக்கும் கை தட்டினார் பாட்டி, முரளிதரனுக்கும் கை தட்டினார். முரளிதரனின் தாத்தாவும் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்தான். பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவன் விளையாட்டாகக் கேட்டான்: "என்ன ஆயா, நீங்க எந்தக் கட்சி?"

"பொறந்த வீடும் வேணும், புகுந்த வீடும் வேணும்ப்பா" என்றார் பாட்டி.

"அப்ப எது பொறந்த வீடு, எது புகுந்த வீடு?"

"அதைத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன். அந்தக் காலத்துல கல்யாணத்துக்கும் என்னைக் கேக்கல, கப்பலுக்கும் என்னைக் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டியும்தான். ஆனால், அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பிறந்த வீட்டை வெறுத்தால்தான் புகுந்த வீட்டில் சோறு என்று சொல்கிற குடும்பத்தை நாம் நல்ல குடும்பம் என்று சொல்வதில்லை. இந்தியா ஜெயித்தபோது வெடி வாங்கக் காசு கொடுத்தவரும் பாட்டிதான்.

அக்கா இன்னும் அட்டன் பக்கத்தில்தான் இருக்கிறார். அந்த வீட்டுக்குப் பிரஜாவுரிமைக் காகிதம் வர வருடக்கணக்கில் ஆனது. அப்புறமும் விடுபட்டு நின்றவர்களுக்காக 1988-லும் 2003-லும் தனிச் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. 2023-ல், மலைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, முன்னோர் நடந்த பாதையிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஜனங்கள் நடந்தார்கள். அங்கே பலரும் இப்போது தங்களை 'மலையகத் தமிழர்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். துரையோ சர்க்காரோ வைத்த பெயர் இல்லை அது. தாங்களே எடுத்துக்கொண்டது.

"அப்பாயி, என்ன எழுதட்டும்?" பேத்தி மறுபடி கேட்டாள்.

பாட்டி பதில் சொல்லவில்லை. பேத்தி போனை எடுத்து வாட்ஸ்அப்பில் பெரிய அப்பாயியைக் கூப்பிட்டாள். திரையில் நரைத்த தலை ஒன்று தெரிந்தது.

"பெரிய அப்பாயி, உங்க சொந்த ஊர் எது?"

"அட்டன்தான். வேற எது?" யோசிக்கவே இல்லை. பட்டென்று வந்தது.

பாட்டி அடுப்பை ஒரு தடவை தள்ளிவிட்டார். மூன்று பதிலையும் சுமந்துகொண்டிருந்தவருக்கு, ஒரே பதிலோடு ஒருத்தி இருப்பது கேட்கச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"நீ எங்க பொறந்த?" என்று பேத்தியைக் கேட்டார்.

"இங்கதான். பந்தலூர் ஆஸ்பத்திரியில."

"அப்ப என்னைய எதுக்குக் கேக்குற? பந்தலூர்னு எழுது."

பேத்தி எழுதினாள். கோட்டுக்குள் சரியாக அடங்கியது.

பாட்டி கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார்.

"அக்கா... அங்கயும் மழையா?"