சிப்பிக் கணக்கும் முத்துக் கணக்கும்

சாகுபுரத்து உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் ஒரு பிற்பகலில் என் தம்பி மகள் வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம்.

“மாமி, என் கணக்கு முடிந்துவிட்டதாம்” என்றாள்.

ஏ.எம்.எச். என்னும் இரத்தப் பரிசோதனையின் முடிவு அது; அளவு 0.8. அவளுக்கு வயது 29. மணமாகி நான்கு ஆண்டுகள். ‘முட்டை இருப்பு தீர்ந்து வருகிறது’ என்று யாரோ சொன்ன சொல், அவள் வீடு திரும்புமுன் மாமியார் வீட்டை எட்டிவிட்டது. மருமகனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சும் எழுந்துவிட்டது.

மறுவாரம் கணவன் மனைவி இருவரையும் தூத்துக்குடியில் அனுபவமுள்ள மருத்துவ அம்மையார் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பொறுமையாக விளக்கினார்: பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பைகளில் 10 முதல் 20 இலட்சம் முட்டைகள் இருக்கின்றன. பூப்பெய்தும்போது எஞ்சுபவை மூன்று, நான்கு இலட்சம். வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுபவையோ ஏறத்தாழ 400, 500 மட்டுமே. வளரும் சிறு முட்டைப்பைகளிலிருந்து சுரப்பதே ஏ.எம்.எச். சிகிச்சையில் ஊசி மருந்துக்கு எத்தனை முட்டைகள் கிடைக்கக்கூடும், மருந்து எவ்வளவு வேண்டும் என்று கணிக்க அது உதவும். அளவு குறைந்தால் முட்டைகளும் குறையும். அதனால் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. ஆனால் முட்டையின் தரத்தை அது சொல்லாது. தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயதே.

மேலும் இரு செய்திகள் சொன்னார். குழந்தையின்மைக் குறை முன்பு இல்லாத, 30 முதல் 44 வயதுக்குட்பட்ட 750 பெண்களை ஆராய்ந்து 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஏ.எம்.எச். குறைந்தவர்கள் இயல்பாகக் கருத்தரிப்பதில் பின்தங்கவில்லை. 1978-இல் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் உருவானது, ஊசி மருந்தின்றி எடுத்த ஒரே முட்டையிலிருந்து.

எனக்கு நம் கடற்கரையின் பழைய தொழில் நினைவுக்கு வந்தது. 1961-உடன் ஓய்ந்த முத்துக்குளிப்பில், சிப்பிகளை எண்ணியதோடு எவரும் நின்றதில்லை. மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தைப் பார்த்த பின்னரே குளிப்பை அறிவிப்பார்கள். இந்தப் பரிசோதனையோ சிப்பியை எண்ணுவதோடு நின்றுவிடுகிறது.

பிறகு அம்மையார் மருமகனிடம் திரும்பி, “தங்கள் பரிசோதனை எங்கே?” என்றார். அவர் தலைகுனிந்தார். நான்கு ஆண்டுகளில் அப்படி ஒன்றை எவரும் கேட்டதே இல்லை. எடுத்துப் பார்த்ததில் அவரிடமும் குறை இருந்தது.

அன்று மாலை அவர் இரு காகிதங்களையும் தம் தாயாரின் முன்னே வைத்தார். “உம்மா, குறை இருவரிடமும் இருக்கிறது. இனி வேறு பெண் பேச்சு வேண்டாம்” என்றார். அந்த அம்மாள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் எழுந்துபோய் மருமகளுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இதை எழுதும் இன்றும் குழந்தை பிறக்கவில்லை, சிகிச்சை தொடர்கிறது. பெற்றோர்களே, உங்கள் பெண்ணின் கையில் இப்படி ஒரு காகிதம் வந்தால், அதைத் தீர்ப்பாக ஏற்குமுன், மருமகனின் காகிதம் எங்கே என்று கேளுங்கள்.