மனிற்றோபாவின் நடுச் சில்லு

சிறுவர்களுக்கு அறபு எழுத்துக்களைக் கற்பிக்கும்போது நான் வழமையாகச் சொல்வதொன்றுண்டு. கீழே ஒரு புள்ளி வைத்தால் 'பா', மேலே இரண்டு வைத்தால் 'தா', மூன்று வைத்தால் 'ஸா'. வடிவம் ஒன்றுதான். புள்ளி பிழைத்தால் எழுத்தே பிழைத்துவிடும். இந்தப் பாடத்தை என் மகன் எனக்கே திருப்பிப் படிப்பித்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டில் தொழில் புரியும் மச்சான் சென்ற விடுமுறையில் மகனுக்கு ஒரு டீசல் என்ஜின் மாதிரியைக் கொண்டுவந்து கொடுத்தார். 'ஜி12' என்னும் வகை. உண்மையான என்ஜினின் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நமது நாட்டுக்கு அன்பளிப்பாகத் தந்த என்ஜின்கள் இந்த வகைதான். ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில் செய்யப்பட்டவை. 12 சிலிண்டர், 1,425 குதிரைவலு. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிற்றோபா என்று கனடா மாகாணங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார்கள்.

பையன் பெட்டியைத் திறந்தான். இரண்டு நிமிடம் பார்த்தான்.

"வாப்பா, இது நம்மட என்ஜின் இல்ல. நடுச் சில்லு எங்க?"

எனக்கு விளங்கவில்லை. மறுநாள் அஸருக்குப் பிறகு ஸ்டேசனுக்கு அழைத்துப் போனான். எத்தனையோ வருடமாகக் கோச்சியில் போய்வருகிற நான் ஒருநாளும் கீழே குனிந்து பார்த்ததில்லை. மாதிரியில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அச்சுகள். கனடா முதலில் தந்த என்ஜின்களிலோ மும்மூன்று அச்சுகள். அவற்றில் ஓரத்து அச்சுகளுக்கே மோட்டர் உண்டு. நடு அச்சு இழுப்பதில்லை. பாரத்தை மட்டும் தாங்கி, தண்டவாளத்தின் மீது அழுத்தம் பரவும்படி செய்கிறது.

அன்றிலிருந்து வீட்டு மேசை பட்டறையாகிவிட்டது. பிளாஸ்டிக் தகட்டை வெட்டிப் புதிய பக்கச் சட்டம் செய்தான். பழைய விளையாட்டு வண்டியொன்றின் சில்லுகளை நடுவில் பொருத்தினான். மாதிரியில் இருந்த பெரிய கொக்கியைக் கழற்றிவிட்டு, இரு பக்கமும் பஃபர்களும், நடுவே சங்கிலியும், வெக்கம் பிரேக் குழாயும் வைத்தான். தடித்த பிளாஸ்டிக் கைப்பிடிகளைச் சீவியெடுத்து, பழைய வயரின் செப்புக் கம்பியை நீட்டி வளைத்துக் கோத்தான். "உண்மையான கம்பி ஓர் அங்குலம் என்றா இதில மூன்றிலொரு மில்லிமீற்றர்கூட வராது வாப்பா" என்றான். ஒரு கைப்பிடிக்காக ஒரு பகல் முழுவதும் போனது. உம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் களைத்துவிட்டா.

இலக்கம் எழுதும் கட்டத்தில்தான் கேட்டான். "591 போடப் போறன். மனிற்றோபா. அலை கீறுவதா, வேணாமா?"

என் கை நடுங்கியது. வாசகர்கள் அறிவீர்கள். 2004 டிசம்பர் 26 காலை, கொழும்பிலிருந்து தெற்கே வந்த கோச்சியைப் பெரலியவில் சுனாமி அள்ளியது. முதல் அலைக்குக் கோச்சி நின்றது. ஊர்ச் சனங்கள் பாதுகாப்பென்று எண்ணி அதிலேயே ஏறினார்கள். அடுத்துப் பெரிய அலை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். அந்தக் கோச்சியை இழுத்து வந்தது 591. பின்னர் அதைத் திருத்தி, உடலில் ஓர் அலையை வரைந்து, மீண்டும் பாதையில் விட்டார்கள்.

அறபுக் கல்லூரியில் என்னோடு ஒரே பாயில் இருந்து ஓதிய கூட்டாளி ஒருவர் அன்று அதில் வந்துகொண்டிருந்தார். முதல்நாள் இரவு தொலைபேசியில் "நாளைக்குப் பகல் சாப்பாடு உங்கட வீட்டில்தான்" என்றார். உம்மா அவருக்கும் சேர்த்து அரிசி போட்டிருந்தா. இதை நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை. பிள்ளைகளின் மனம் நோகும் என்பதெல்லாம் சாட்டு. நோவது என் மனம்தான்.

அன்று சொன்னேன். மகன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அலை கீறினா அது பிறகு ஓடின என்ஜின். கீறாட்டி அண்டைக்கு அவர் கண்ட என்ஜின். இரண்டையும் கலக்கேலாது. எது வேணும்?"

"அவர் கண்டது" என்றேன்.

அலை இல்லாத 591 இப்போது என் கிதாபுகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இன்னும் ஒரு குறை உண்டு. நமது தண்டவாளத்தின் அகலம் ஐந்தரை அடி. அளவுப்படி மாதிரியில் 19 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக வரவேண்டும். அதன் சில்லுகளோ 16.5 மில்லிமீற்றருக்குச் செய்யப்பட்டவை. அதை மாற்றும் வசதி எங்களிடம் இல்லை. மகன் அதை மறைக்கவில்லை. அடித்தட்டில் பேனையால் எழுதி வைத்திருக்கிறான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சிறு பொருளொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நாட்கணக்கில் குனிந்திருந்தால், வீண் வேலை என்று உடனே ஏசிவிடாதீர்கள். பக்கத்தில் சற்று உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அவன் கேட்கவும் கூடும்.