சூட்டில் பார்த்தது

17 ஜூலை 2025, வியாழன், ஆடி 1

போளூர் போய்த் திரும்பும்போது வண்டி நின்றுவிட்டது. சேத்துப்பட்டு தாண்டி ஓர் ஏரிக்கரை மேல். முதலில் இரண்டு விக்கல், அப்புறம் திரி தீர்ந்த விளக்குபோல மெல்ல அடங்கியது. பத்துப் பதினைந்து தடவை உதைத்தேன். சைலன்சரில் ஒருமுறை வெடித்ததோடு சரி. புளியமர நிழலில் ஸ்டாண்டு போட்டு அரை மணி உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரே உதையில் கிளம்பி, ஒரு குறையும் இல்லாமல் தேசூர் வந்து சேர்ந்தது.

ஒன்றரை மாதத்தில் இது மூன்றாவது முறை. மூன்றும் ஒரே மாதிரி. முக்கால் மணி நேரம் நன்றாக ஓடும், என்ஜின் நன்கு சூடேறியபின் நிற்கும், ஆறினால் கிளம்பும்.

1991 மாடல் புல்லட் 350. அப்பா வாங்கியது. நெய்த சேலைகளை வேட்டித் துணியில் மூட்டை கட்டி ஆரணிக்குக் கொண்டுபோவார்; வரும்போது பட்டும் சரிகையும் பின்சீட்டில் வரும். என் கைக்கு வந்தபிறகு அதே பின்சீட்டில் கூடாரமும் ஸ்டவ்வும் ஏறின. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் வால்பாறையின் 40 வளைவும் இந்த வண்டியில்தான் ஏறினேன். பதினைந்து வருஷம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அடுத்தது 2026. அதற்குள் இதை நம்பி ஏறுகிற வண்டியாக ஆக்கிவிட வேண்டும்.

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் கிடையாது, சேலைக்கு ஆர்டர் குறைவு, தறியிலும் அவசரமில்லை. நேரம் இருக்கிறது. இந்த நோட்டை இதற்காகவே வாங்கினேன். போன வருஷம் வண்டி மிஸ்ஸிங் ஆனபோது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிளக், காயில், கார்ப்பரேட்டர் ஜெட் எல்லாவற்றையும் மாற்றினேன். வண்டி சரியானது. எதனால் சரியானது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த முறை ஒரு நாளைக்கு ஒரே ஒரு பகுதி. செய்ததை எழுதிய பிறகுதான் அடுத்தது.

19 ஜூலை, சனி

வண்டி நின்றால் கேள்வி ஒன்றுதான்: பெட்ரோலா, கரண்டா?

பெட்ரோல் பக்கத்தை முதலில் எடுத்தேன், சந்தேகப்பட நியாயம் இருந்ததால். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. அது தூசியில் அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்குவதே நின்றுபோகும். கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் காற்று நுழைந்ததும் வண்டி கிளம்பும். நம் வண்டியின் நடத்தைக்கு இது அப்படியே பொருந்துகிறது. மூடியைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன். காற்று தாராளமாகப் போனது.

கார்ப்பரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றி வெள்ளைத் தட்டில் கவிழ்த்தேன். அடியில் இரண்டு மூன்று துளி தண்ணீர், பெட்ரோலோடு ஒட்டாமல் முத்துப்போல் உருண்டது. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கும். வாரக்கணக்கில் நிற்கும் பழைய வண்டிக்கு இது புதிய கவலை. பழைய ரப்பர் குழாயும் இதில் ஊறி மெத்தென்று ஆகிவிடுகிறது. கிண்ணத்தைத் துடைத்தேன், ஜெட்டுகளை ஊதினேன், குழாயை மாற்றினேன். இன்றைய கணக்கு இவ்வளவு.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். திண்ணையில் சாய்ந்தபடியே கேட்டார்: "நின்னப்போ பிளக்கைக் கழட்டிப் பாத்தியா?"

"இல்லப்பா. கை வைக்க முடியாத சூடு."

"பாவு இழுப்புல இருக்கறப்பதான் எந்த இழை தொய்ஞ்சிருக்குன்னு தெரியும். தளத்திட்டுத் தேடினா எல்லா இழையும் ஒண்ணாத்தான் இருக்கும். ஆறுன வண்டிகிட்ட என்னத்தக் கேப்ப?"

நாற்பத்தைந்து வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். அவர் சொன்னது என் மண்டையில் ஆணியாக இறங்கியது. மூன்று முறையும் நான் நோய் போனபிறகுதான் நாடி பார்த்திருக்கிறேன்.

20 ஜூலை, ஞாயிறு

பிளக் ஸ்பேனர், கனமான பழைய துணி, தண்ணீர். இவற்றோடு வண்டி நிற்கட்டும் என்றே செஞ்சிப் பக்கம் ஓட்டிப் போனேன். வண்டி நிற்பதற்காகக் காத்துக்கொண்டு ஓட்டுவது இதுவே முதல் தடவை. ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் காதில் விழுந்தது.

நாற்பத்தெட்டாவது நிமிடம் விக்கியது. உடனே டேங்க் மூடியைத் திறந்தேன். காற்று உறிஞ்சும் சத்தம் இல்லை. பெட்ரோல் பக்கம் கிட்டத்தட்ட முடிந்தது. துணியைச் சுற்றி பிளக்கைக் கழற்றினேன். நுனி ஈரம், பெட்ரோல் வாசனை. அப்படியானால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. பிளக்கை வயரில் மாட்டி, பிளக் துளையிலிருந்து தள்ளி சிலிண்டர் ஹெட்டின் இறக்கை மேல் வைத்து, உடம்பால் நிழல் கட்டி உதைத்தேன். காலையில் கிளம்பும் முன் இதையே செய்து பார்த்திருந்தேன். அப்போது பொறி நீலமாக, 'டிக்'கென்ற சத்தத்தோடு பாய்ந்தது. இப்போது மஞ்சளாக, நூல் பிசிறுபோல ஒன்று தெரிந்து மறைந்தது.

அடுத்தது ஆம்பியர் மீட்டர். பழைய புல்லட்டில் ஹெட்லைட் மேல் இருக்கும் இந்தச் சின்ன வட்டத்தை அழகுக்கு வைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். சாவி போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வந்த இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்து கிக்கரை இன்னும் சிறிது தள்ளி, விட்டுவிட்டு உதைப்பதுதான் புல்லட் உதை. பலத்தை நம்பி உதைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் போகும். இன்று முள் ஒழுங்காகச் சாய்ந்தது, ஒழுங்காக நடுவுக்கு வந்தது. பேட்டரியிலிருந்து பாயிண்ட்வரை கரண்ட் வருகிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து கிக்கரை மறுபடி அழுத்தினேன். பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் அதன் இடுக்கில் நீலப் பொறி சடசடவென்று பறந்தது. பிளக்கில் இருக்க வேண்டிய நெருப்பு இங்கே வீணாகிறது.

கண்டன்சர்!

நடு ரோட்டில் நின்று கொண்டு, வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

23 ஜூலை, புதன்

வந்தவாசியில் கண்டன்சர் வாங்கி வந்து மாற்றினேன்.

அதன் வேலையை மருமகனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடி உள்ளிருக்கும் இரும்பு காந்தமாகிறது. பாயிண்ட் திறந்ததும் கரண்ட் அறுந்து, காந்தம் சரிந்து, காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுகிறது. அது எவ்வளவு சடாரென்று சரிகிறதோ அவ்வளவு பலம் பொறிக்கு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட் லேசில் நிற்காது. திறக்கும் பாயிண்டின் இடுக்கைத் தாவிக் கடக்கப் பார்க்கும். அந்தக் கணத்தில் அதற்கு ஒதுங்க இடம் கொடுப்பதுதான் கண்டன்சர். கட்டைவிரல் அளவு தகர டப்பி. உள்ளே உலோகத் தாளும் காப்புத் தாளும் மாறி மாறிச் சுற்றிய உருளை. வருஷக்கணக்கான சூட்டில் காப்பு தளர்ந்துபோனால், குளிரில் தாங்கும், சூட்டில் ஒழுகும்.

புல்லட்டில் அது பாயிண்டுக்குப் பக்கத்திலேயே, என்ஜின் மேல், அதே சூட்டில் உட்கார்ந்திருக்கிறது. முக்கால் மணிக் கணக்கு இங்கேதான் வருகிறது.

பாயிண்டைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு முகத்தில் பள்ளம், எதிர்முகத்தில் குருணை அளவு மேடு. உப்புத்தாள் போடக்கூடாது; அதன் மணல் பதிந்துகொள்ளும். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோல் தொட்ட துணி. ஃபீலர் கேஜில் 0.38 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். கேம் தேயாமல் இருக்க ஒரே ஒரு சொட்டு எண்ணெய். கூடினால் பாயிண்டில் தெறித்துக் கருகும்.

டைமிங்: பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் பிஸ்டனில் இந்த 0.8 ஒரு மயிரிழை. திறக்கும் கணத்தைப் பிடிக்க, பட்டுச்சேலை மடிப்புக்குள் வைக்கும் மெல்லிய தாளில் ஒரு துண்டு கிழித்து பாயிண்டுக்கு நடுவே வைத்தேன். கிக்கரை விரலால் நகர்த்திக்கொண்டே தாளை லேசாக இழுத்தேன். பிடித்துக்கொண்டிருந்த தாள் ஓர் இடத்தில் வெண்ணெயிலிருந்து வருவதுபோல் நழுவி வந்தது. பேஸ் பிளேட்டை அங்கே நிறுத்தி இறுக்கினேன். இந்த வேலைக்கு இதைவிட நல்ல தாள் நான் பார்த்ததில்லை.

24 ஜூலை, வியாழன், ஆடி அமாவாசை

படையல் முடித்துக் கிளம்பினேன். முப்பத்தோராவது நிமிடம் நின்றது. பழையதைவிடச் சீக்கிரம்.

இங்கே மனசு உடைந்துபோய் 'காயிலாக இருக்குமோ' என்று தாவியிருப்பேன். நோட்டு தடுத்தது. மூடியைத் திறந்தேன், பாயிண்டில் அதே நீலப் பொறி. நோய் மாறவில்லை. புது மருந்துதான் சொத்தை.

வீட்டுக்கு வந்து இரண்டு கண்டன்சரையும் மல்டிமீட்டரில் வைத்தேன். குளிரில் இரண்டும் 0.2 மைக்ரோஃபாரட் பக்கம் காட்டின. அதுதான் வழக்கமான அளவு. கொதிக்கும் தண்ணீரில், பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, கால் மணி முக்கி வைத்தேன். அடுப்படியில் நான் நிற்பதைப் பார்த்து மனைவி, "இது வேகறதுக்கு எத்தன விசில்ங்க?" என்றாள். வெளியே எடுத்து உடனே வைத்தபோது பழையதில் எண் நிலைகொள்ளாமல் தாவியது. புதியதோ அதைவிட மோசம். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மீட்டர் கொடுப்பது சின்ன வோல்ட். பாயிண்ட் திறக்கும்போது கண்டன்சர் தாங்குவது நூற்றுக்கணக்கான வோல்ட். மீட்டரில் தோற்றது நிச்சயம் கெட்டது; மீட்டரில் தேறியது நல்லது என்று அர்த்தமில்லை.

27 ஜூலை, ஞாயிறு

மதியத்திலிருந்து மழை. தறிக்குழியில் ஈரம் ஏறி பாவு தணுத்துவிட்டது. தெருவில் ஒரு தறிச்சத்தம் இல்லை. அப்பா பேச்சில் இறங்கினார். வண்டி வாங்கிய காலத்தில் கேட்ட திருவொற்றியூர்த் தொழிற்சாலைக் கதை.

1950-களில் நம் பட்டாளம் எல்லைக் காவலுக்காகப் புல்லட் கேட்டது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே. இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடிய பிறகும் திருவொற்றியூரில் வண்டி வந்துகொண்டே இருந்தது. 1977-இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 346 சிசி, 70-க்கு 90 மில்லிமீட்டர் என்ற அந்த வார்ப்பிரும்பு என்ஜின் தலைமுறைகள் தாண்டியும் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் தேசூர் போன்ற ஊரில், தறிவீட்டுத் தாழ்வாரத்தில், நாலு ஸ்பேனரை வைத்துக்கொண்டு இதைப் பிரித்துப் பூட்ட முடிகிறது. முப்பது வருஷ வண்டியின் பாகத்தை இன்றும் கடையில் கேட்டு வாங்கலாம்.

அதன் மறுபக்கத்தைத்தான் வியாழக்கிழமை பார்த்தேன். பாகம் கிடைக்கிறது, தரம் நம் பொறுப்பு.

30 ஜூலை, புதன்

ஆரணியில் வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர். டப்பியைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "என்ஜின் மேல எதுக்குத் தம்பி அதை வேக வைக்கிற? வெளியில எடுத்துக் கட்டு" என்றார்.

யோசித்தால் சரிதான். கரண்டுக்குக் கண்டன்சர் எங்கே இருக்கிறது என்பது பொருட்டல்ல. பாயிண்டையும் காயிலையும் இணைக்கும் வயரில் ஒரு முனை, அதன் உடம்பு நல்ல எர்த்தில். போதும். அம்பாசடர் காருக்குப் போடும் கண்டன்சர் இரண்டு வாங்கினேன். இரண்டையும் வெந்நீரில் சோதித்தேன், எண் அசையவில்லை. ஒன்றை என்ஜினிலிருந்து தள்ளி, காற்றுப்படும் இடத்தில், காயிலுக்குப் பக்கத்தில் பூட்டினேன். எர்த் போல்ட்டுக்கடியில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே இறுக்கினேன். பெயிண்ட் மேல் இறுக்கிய எர்த் மழைக்காலத்தில் நம்மை நடுவழியில் விடும்.

2 ஆகஸ்ட், சனி

நீண்ட பயணத்துக்கு முன் செய்வது எல்லாம். என்ஜின் குளிர்ந்திருக்க, டாப்பெட் மூடியைத் திறந்து புஷ் ராடுகளைப் பார்த்தேன். விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் கூடாது. எக்சாஸ்ட் இறுகியிருந்தது, ஒரு திருகு தளர்த்தினேன். ஆயில் 20டபிள்யூ50. பல நாள் நின்ற புல்லட்டில் ஆயில் டேங்கிலிருந்து மெல்லக் கசிந்து கிராங்க் கேஸில் இறங்கிவிடும். டிப் ஸ்டிக்கில் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து மேலும் ஊற்றினால் கிளப்பியதும் வெண்புகை. ஓட்டிவிட்டு, பிறகு அளக்க வேண்டும். செயினைப் பின்சக்கரம் முழுச்சுற்று சுற்றி, இறுக்கமான இடத்தில் வைத்துத் தொய்வு சரிசெய்தேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு, ஆடிப்பெருக்கு

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி சேத்துப்பட்டு, போளூர், அங்கிருந்து ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலை ஏற்றம். இரண்டாம் கியரில் நெடுநேரம் இழுக்க வைக்கும் பாதை. சூட்டைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. நாற்பத்தெட்டாவது நிமிடம் போளூருக்கு முன்னாலேயே வந்துபோனது. கையும் காதும் அதைக் கடந்த பிறகும் சற்று நேரம் இறுக்கமாகவே இருந்தன.

மலைமேல் டீக்கடை முன் நானாகவே நிறுத்தினேன். என்ஜின் இறக்கைகள் சூட்டில் டிங், டிங்கென்று நெளிந்துகொண்டிருந்தன. கிட்டே கை கொண்டுபோக முடியவில்லை. கண்டன்சரைத் தொட்டேன். டீ கிளாஸ் சூடுகூட இல்லை. மூடியைத் திறந்து கிக்கரை அழுத்தினேன். பாயிண்டில் பொறி கண்ணுக்கே தெரியாத அளவு. மூடி, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரே உதை.

திரும்பி வந்து இரண்டாவது கண்டன்சரைச் சேலைத் தாளில் சுற்றி டூல் பாக்ஸில் வைத்தேன். தாளின் மேல் பேனாவால் எழுதியிருக்கிறேன்: நல்லது. சூட்டில் பார்த்தது, 30-7-2025.