மலையேறும் பென்டிரைவ்

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வழியாக வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று, சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பொத்தானை அழுத்தினால் எதற்குள் போக வேண்டும் என்று இயந்திரமே கேட்கும். கல்வராயன் மலை உள்ள கள்ளக்குறிச்சி அன்று விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அந்த மலையிலிருந்து இறங்கி வந்து பிளஸ் டூ படித்த பிள்ளைகளில் பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டரே அந்த 'அம்மா லேப்டாப்'தான்.

இயந்திரம் கேட்டது, பதில் சொல்லத்தான் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பாஸ் என்றால் என்ன, அதில் தமிழில் எப்படித் தட்டச்சு செய்வது, பிரிண்டர் வேலை செய்யுமா என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆளில்லை. விண்டோஸ் பக்கம் போனவர்களுக்கும் பெரிய சுகமில்லை. ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ரேமை ஏற்காது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது. பதினேழு வயதுப் பிள்ளை அதை எப்படிப் பொறுக்கும்? லேப்டாப் நேராக சர்வீஸ் கடைக்குப் போனது. "பாஸைத் தூக்கிட்டு அல்டிமேட் போட்டுக் குடுங்கண்ணா." கடைக்காரரிடம் மார்க்கரில் பெயர் எழுதிய டிவிடிகள் இருந்தன, உரிமம், கிராக் பற்றியெல்லாம் அங்கே யாரும் பேசவில்லை. அரசு காசில் வந்த சட்டபூர்வமான இயங்குதளத்தை அழித்துவிட்டுத் திருட்டுப் பிரதியைக் காசு கொடுத்து ஏற்றிக்கொண்ட வேடிக்கை தமிழ்நாடு முழுக்க நடந்தது.

டிவிடி போய் பென்டிரைவ் வந்த பிறகும் தொல்லை முழுதாகத் தீரவில்லை. இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை ரூஃபஸ் போன்ற கருவியால் ஏற்றினால் ஒரு பென்டிரைவுக்கு ஒரு இயங்குதளம் என்பதுதான் வழக்கம். அடுத்தது வேண்டுமென்றால் முந்தையதை அழிக்க வேண்டும். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வைக்க முடியாது என்பதால், விண்டோஸின் பெரிய கோப்புகள் அங்கே இடித்துக்கொண்டு நின்றன. யுமி, ஈஸி2பூட் போன்ற கருவிகள் பலவற்றை ஒரே பென்டிரைவில் அடுக்கின. அவற்றோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும்.

2020 ஏப்ரலில் வெளியான வென்டாய் என்ற கருவி இந்த வேலையைக் கோப்பு நகலெடுக்கும் வேலையாகச் சுருக்கிவிட்டது. முதல் முறை நிறுவும்போது பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். கல்யாண போட்டோ இருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும். நிறுவியதும் பென்டிரைவ் இரண்டாகப் பிரிகிறது. பெரிய பகுதி எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். 4 ஜிபி தடை அதற்கில்லை. இன்னொன்று வெறும் 32 எம்பி. பூட் ஆவதற்கான சூட்சுமமெல்லாம் அதில்தான். பெரிய பகுதியில் ஐஎஸ்ஓ கோப்புகளைப் போட்டால் போதும், பிரித்து எடுக்கவும் தேவையில்லை. கணினியை அந்தப் பென்டிரைவிலிருந்து எழுப்பினால் கோப்புப் பெயர்கள் பட்டியலாக வரும். தேர்ந்தெடுத்ததை ஒரு மெய்நிகர் வட்டு போலக் காட்டி வென்டாய் ஓட வைக்கும். கணினியை எழுப்பும் முறைகளான பழைய பயாஸ், புதிய யுஇஎஃப்ஐ இரண்டிலும் ஓடும். மீதி இடத்தில் பாடப்புத்தக பிடிஎஃப் வைக்கலாம், சினிமாவும் வைக்கலாம்.

நல்ல இணையம் உள்ள நகரத்தில் இது ஒரு வசதி, அவ்வளவுதான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பக்கத்தில் விட்டு வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் கதை வேறு. செல்போன் சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்தது. சாலையும் மின்சாரமும் போலவே சிக்னலும் இங்கே தாமதமாகத்தான் ஏறியது. உபுண்டு 24.04 ஐஎஸ்ஓ ஏறக்குறைய 6 ஜிபி. விண்டோஸ் 11-உம் அதே அளவுக்கு வரும். இதை மலைமேல் உட்கார்ந்து டேட்டா பேக்கில் இறக்குவது, பாதியில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்குவது எல்லாம் ஆகிற காரியமல்ல. மலையில் லேப்டாப் சரிசெய்யப் போகிறவர் கள்ளக்குறிச்சியிலேயே பென்டிரைவை நிரப்பிக்கொண்டு ஏறுவதுதான் வழி. எந்த வீட்டில் எந்த வயது லேப்டாப் இருக்கும் என்று கீழே இருக்கும்போது தெரியாதே, அதனால் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பப்பி லினக்ஸ் மிகச் சிறியது. லினக்ஸ் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 3 ஜிபிக்குள் அடங்கும். ஆன்டிஎக்ஸ் லினக்ஸும் சிறியது. 32 ஜிபி பென்டிரைவில் இவை அத்தனையும் வைத்த பிறகும் இடம் மிச்சம்.

பென்டிரைவின் தரம்தான் கவலை. 64 ஜிபி என்று அட்டையில் போட்டு 8 ஜிபி மட்டுமே தாங்கும் போலிகள் சந்தையில் உண்டு. கோப்பு ஏறியதாகவே காட்டும். பாதி நிறுவலில் பல்லிளிக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு கருவி அந்தக் குட்டை உடைத்துவிடும். மலையேறும் முன் அதை ஓட்டிப் பார்க்காதவர் ஒரு நாள் கூலியை இழப்பார்.

லேப்டாப்பை எழுப்புவதிலும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்ய வேண்டுமானால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அனுமதிக்க வேண்டும். செக்யூர் பூட் உள்ள கணினியில் வென்டாயை முதல் தடவை ஓட்டும்போது ஒரு நீலத் திரை வந்து சாவியைப் பதியச் சொல்லும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் அவசரப்பட்டு செக்யூர் பூட்டை அணைத்தால், வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் விழித்துக்கொண்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கும். கணக்கின் கடவுச்சொல் யாருக்கு நினைவிருக்கிறது? இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ள ஆசைப்படும் பழைய லேப்டாப்பில் வேறு சிக்கல்: எம்பிஆர் முறையில் பிரித்த வட்டில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் வைக்க முடியாது. நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், எதை அழிப்பது என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

இதையெல்லாம் விட முக்கியமான பயன் ஒன்று உண்டு. லினக்ஸை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று உரிமையாளரின் கண்முன்னே காட்டலாம். விண்டோஸ் படுத்துவிட்ட கணினியிலிருந்து சான்றிதழ் ஸ்கேன்களையும் போட்டோக்களையும் மீட்டெடுக்கலாம். 2011-இல் விடுபட்டுப்போன, பக்கத்தில் உட்கார்ந்து காட்டும் வேலை இதுதான். கிராமத்து மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி நடத்திவரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்றவர்கள் வருவதற்கு முன்பே பல லேப்டாப்களிலிருந்து பாஸ் அழிந்துவிட்டது. கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதும் கணியம் இதழும் 2012-இல்தான் தொடங்கியது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் பொதுவாக 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பழைய அரசு லேப்டாப்கள் பலவற்றில் இல்லை. 2 ஜிபி ரேம் உள்ளவற்றுக்கு ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி, 4 ஜிபி உள்ளவற்றுக்கு மிண்ட் என்று பிரித்துக்கொள்வது நியாயமான ஏற்பாடு. மிண்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அவற்றை இறக்க மட்டும் இணையம் வேண்டும். சிக்னல் எட்டாத ஊர்க்காரர்கள் கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் நாளில் லேப்டாப்பையும் பையில் எடுத்து வர வேண்டியதுதான்.