சிறுவாச்சூர் போகிறவர்கள் எங்கே தங்குவது?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறக்கும். விசேஷ நாட்கள் தனி. அதனால் சென்னை, மும்பை என்று தொலைவிலிருந்து குலதெய்வம் கும்பிட வருகிற குடும்பங்கள் பல, முதல் நாள் இரவே பக்கத்தில் தங்கிவிடுகின்றன.

எங்கே? சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் சுமார் எட்டு கிலோமீட்டரில் பெரம்பலூர். தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் திருச்சி. பெரிய ஹோட்டல் வேண்டுமென்றால் திருச்சிதான். ஆனால் மாவிளக்கு போடுகிறவர்களுக்குப் பெரம்பலூர் லாட்ஜே உத்தமம். ஊறவைத்த அரிசியைக் கோயிலிலேயே உரலில் இடித்து மாவாக்குவது இங்கே வழக்கம். விடிவதற்குள் அரிசி களைந்து ஊறப்போட வேண்டும், வெல்லம், நெய், திரி எடுத்துவைக்க வேண்டும், பாட்டி முதல் பேரன் வரை குளித்தாக வேண்டும். அந்த நேரத்தில் குழாயில் வெந்நீர் வருகிற அறைதான் நல்ல அறை.

வாடகையிலும் ஓர் ஆறுதல். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். 2,000 ரூபாய் அறையில் 140 ரூபாய் மிச்சம்.

ஆடி வெள்ளிக்குப் போகிறவர்கள் வியாழன் இரவுக்கான அறையை முன்கூட்டியே போனில் சொல்லிவைப்பது நல்லது. அதிகாலை நாலு மணிக்கு வெந்நீர் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.