யாருடைய கீழ்ப்படியாமை?

என் தம்பி காய்ச்சலில் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஊர்ச் சபையில் உபவாசக் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் உபாகமம் 28ஆம் அதிகாரத்தை எடுத்தார். கீழ்ப்படியாத வீட்டில் நோயும் இழப்பும் வரும், அது தேவனுடைய சிட்சை என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு பல வருடம், என்ன பாவம் செய்தோம் என்று தேடிக்கொண்டே இருந்தார்.

தம்பியை அடக்கம் செய்தது கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம். நம் தெருக்காரர்களுக்கென்று ஒதுக்கிய பக்கம். அந்தச் சுவரைப் பற்றிப் பிரசங்கியார் ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்லூரியில்தான் ஆமோசை முழுதாக வாசித்தேன். கி.மு. 8ஆம் நூற்றாண்டு. யூதாவின் தெக்கோவா ஊர்க்காரர். மந்தையும் காட்டத்தி மரமும் பார்த்தவர். அவரை நிலமற்ற கூலி என்றே சில தோழர்கள் சொல்கிறார்கள். மந்தைக்குச் சொந்தக்காரராகவும் இருந்திருக்கலாம், அதற்காகச் சண்டை வேண்டாம். வடக்கே இஸ்ரவேலுக்குப் போய் அவர் பேசும் விதத்தைக் கவனியுங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அக்கம்பக்கத்தாரின் குற்றங்களை முதலில் அடுக்குகிறார். கேட்டவர்கள் தலையாட்டியிருப்பார்கள். அடுத்து யூதா. அதற்கும் ஆட்டியிருப்பார்கள். கடைசியில் அவர்களிடமே வருகிறார். ஒரு ஜோடி செருப்புக்காக ஏழையை விற்றீர்கள், அடகு வாங்கிய துணியைப் பலிபீடத்தருகே விரித்துப் படுத்தீர்கள் என்கிறார். ஏழையின் ஆடையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமத்தில் உள்ள கட்டளை. ஆமோஸ் கண்ட கீழ்ப்படியாமை இதுதான். அதைச் செய்தவர்கள் காணிக்கையிலும் பண்டிகையிலும் குறை வைக்காதவர்கள். பெத்தேல் ஆசாரியன் அமத்சியா ராஜாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு, உன் ஊரில் போய்ப் பிழைத்துக்கொள் என்று அவரை விரட்டினான்.

கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் விழுந்தது. தீர்ப்பு நிறைவேறியது என்பார்கள். ஆனால் அசீரியப் படை ஏழை வீட்டைப் பார்த்து ஒதுங்கிப் போயிருக்காது. செருப்பு விலைக்கு விற்கப்பட்டவனும் சேர்ந்துதான் செத்திருப்பான். இந்த இடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது, பதில் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தெரியும்: அடிபட்டவனைப் பார்த்து ‘உன் பாவம்’ என்று ஆமோஸ் சொல்லவில்லை. அதை நம் முன்னோரிடம் கர்மா என்ற பெயரில் சொன்னார்கள். சபையும் அதையே சிட்சை என்று சொன்னால் எதற்காக மதம் மாறினோம்?

போன மாதம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் அதிகாரம் முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இத ஏன்டா கோவில்ல யாரும் வாசிக்கல?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சுவத்த இடிக்கச் சொல்லி கமிட்டிக்கு மனு எழுதுறீங்கல்ல, அதுல என் பேரையும் போடு” என்றார்.