கசிவுத் துளை

வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கும் கசிவுத் துளையை அடைத்தவன் நான். உள்ளே சீல் போய்விட்டது என்று தெரிந்தேதான் அடைத்தேன். அந்த வண்டியால் ஒரு பையனின் கை வெந்தது. பழி அவன்மேல் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில், ஷார்ஜாவைச் சேர்ந்த பதாயர் பாலைவனம் வரும். சிவந்த மணல்மேடு. வெளிநாட்டார் 'பிக் ரெட்' என்பார்கள். அங்கே குவாட் பைக் வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் மெக்கானிக்காக இருந்தேன். குளிர்காலம்தான் சீசன். அப்போதெல்லாம் வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை ஒரு வண்டி படுத்துக்கிடந்தால் அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

லீக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பெயர் இருந்தது. பாகிஸ்தானி, நேபாளி, மலையாளி என்று எல்லோரும் 'உஸ்தாத்' (ஆசான்) என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அதுவும் குற்றத்தில் ஒரு பங்கு.

வேலை எனக்கு நன்றாகவே தெரியும். கூலன்ட் நனைந்திருக்கும் இடத்தில்தான் கசிகிறது என்று நம்பக் கூடாது. வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆகவே முதலில் எஞ்சினைக் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு முன்பக்கத்திலிருந்து, மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். காய்ந்த கூலன்ட் உப்புப் பூத்தது போலத் தடம் விட்டிருக்கும். ஹோஸ் முனை, கிளாம்ப், ரேடியேட்டரின் ஓரத் தையல் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சில ஹோஸ் சூட்டில் கசியாது. எஞ்சின் ஆறி ரப்பர் சுருங்கிய பிறகுதான் சொட்டும். அதனால் காலையில் ஒரு முறை, ஓடி வந்த சூட்டில் ஒரு முறை என்று இரண்டு வேளையும் பார்க்க வேண்டும்.

அதற்கு மேல் பிரஷர் டெஸ்டர் இருக்கிறது. எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அங்கே டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்று அடிக்க வேண்டும். எங்கள் வண்டிகளில் 1.1 பார். முள் இறங்காமல் நின்றால் நல்லது. வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் கசிவு எஞ்சினுக்குள்ளே இருக்கிறது. ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம். வேறு இடமாகவும் இருக்கலாம்.

கசிவுத் துளைக்கு வருகிறேன். வாட்டர் பம்ப்பின் தண்டில் இரண்டு சீல் உண்டு. ஒன்று தண்ணீரைத் தடுக்கும். மற்றது எஞ்சின் ஆயிலைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே சிறிய இடைவெளி விட்டு, அங்கிருந்து வெளியே ஒரு துளை போட்டிருப்பார்கள். அதில் கூலன்ட் சொட்டினால் தண்ணீர் சீல் போய்விட்டது. ஆயில் சொட்டினால் ஆயில் சீல் போய்விட்டது. சீல் தேயத்தான் செய்யும். வண்டி செய்தவர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. துளையை அடைத்தால் தண்ணீருக்கு வேறு போக்கு இல்லை. ஆயில் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள் இறங்கும். ஆயில் பால் விட்ட டீயின் நிறத்துக்கு மாறும். இதையெல்லாம் புதுப் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அது ஒரு வியாழக்கிழமை இரவு. யமஹா ராப்டர் 700 ஒன்றின் துளையில் பச்சையாக ஒரு சொட்டு தொங்கியது. துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொங்கியது. சீல் ஸ்டாக்கில் இல்லை. இருந்திருந்தாலும் பம்ப்பின் மூடியைக் கழற்றி, தண்டை உருவி, பழைய சீலைத் தட்டி எடுத்து மாற்ற நேரம் பிடிக்கும். வண்டியை ஓரம் கட்டி, சாவியை ஃபோர்மேனிடம் கொடுத்திருக்க வேண்டும். அதுதான் வேலை.

நான் கொடுக்கவில்லை. காரணம் பயம். அந்த வண்டியின் சர்வீஸ் தாளில் 'வாட்டர் பம்ப் சரி' என்று நான் குறி போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. பார்க்காமல் போட்ட குறி. டாப் அப் செய்யும்போதெல்லாம் காய்ச்சி வடித்த தண்ணீருக்குப் பதிலாக டேங்கர் தண்ணீரை ஊற்றியதும் நான்தான். கேன் தூக்கி வரச் சோம்பல். அந்தத் தண்ணீரின் உப்பு சீலின் முகத்தில் படிந்து அதை அரிக்கும். இதுவும் எனக்குத் தெரியும். ஃபோர்மேன் தாளைப் புரட்டினால் எல்லாம் வெளியே வரும். அப்புறம் யார் என்னை உஸ்தாத் என்பார்கள்?

கருப்பு சிலிகோன் பசையை விரல் நுனியில் எடுத்தேன். துளையைத் துடைத்து, பசையை உள்ளே அழுத்தி, மேலே மணலைத் தடவினேன். புதிதாகத் தெரியக் கூடாது என்பதற்காக மணல். அந்த இரவில் நான் செய்த மிகக் கவனமான வேலை அதுதான்.

காலையில் ஃபோர்மேன் முன்னாலேயே டெஸ்டரை மாட்டி 1.1 பார் ஏற்றினேன். முள் அசையவில்லை. தண்டு சுற்றாதபோது தேய்ந்த சீல்கூட அவ்வளவாக விடாது. வெளியே வரும் வழியும் அடைபட்டிருந்தது. "ஓடுமா?" என்றார். "ஓடும்" என்றேன். உண்மையான கருவியை வைத்துப் பொய் சொன்னேன்.

அன்று சுற்றுலா வந்தவர்களை அழைத்துப் போன கைடு நேபாளத்துப் பையன். மணல்மேட்டுச் சரிவில் அந்த ராப்டர் இழுக்காமல் நின்றது. ஓட்டிய பெண்ணைத் தன் வண்டியில் ஏற்றி மற்றவர்களோடு அனுப்பிவிட்டு, அவன் இதனோடு நின்றுகொண்டான். சூட்டைக் காட்டும் விளக்கு எரியவில்லை. தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கியதால் சென்சார் இருக்கும் இடத்தில் நீர் இல்லை. நீர் இல்லாவிட்டால் அது சூட்டைச் சரியாகச் சொல்லாது. தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று மட்டும் நினைத்தான். சிறிது நேரம் ஆறவிட்டான். பிறகு, குடிக்க வைத்திருந்த பாட்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் மூடியைத் திருகினான்.

1.1 பார் அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 120 டிகிரிக்கு மேல் ஆகும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். உள்ளே மிச்சமிருக்கும் நீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி, மீதியையும் தள்ளிக்கொண்டு சீறும். அவனுக்கு வலது முன்கை முழுவதும் வெந்தது. கழுத்தில் ஒரு பட்டை வெந்தது. என்னிடம் கொண்டுவந்தபோது அவன் அழவில்லை. "உஸ்தாத், வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றான்.

மாலையில் விசாரித்தார்கள். "சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது என்று தெரியாதா?" என்று அவனைக் கேட்டார்கள். கையில் கட்டோடு நின்றான். என்னைக் கேட்டார்கள். காலையில் டெஸ்ட் செய்தேன், சரியாக இருந்தது என்றேன். ஃபோர்மேனும் ஆமாம் என்றார். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. 'துளையை நான் அடைத்தேன்.' அவ்வளவுதான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்லாமல் நின்றேன். கைடின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். எஞ்சின் செலவில் ஒரு பகுதியை மாதாமாதம் அவன் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அன்று இரவு தனியாக இருந்து எஞ்சினைப் பிரித்தேன். ஆயில் வெளுத்துக் குழம்பாக வந்தது. கழிவு ஆயில் டிரம்மில் ஊற்றிக் கலக்கிவிட்டேன். துளையில் இருந்த பசையை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்து மணலில் புதைத்தேன். முதல் தவறைப் பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். இதை நிதானமாகச் செய்தேன். நிறுத்த ஒரு முழு இரவு இருந்தது.

கைடுக்குச் சம்பளம் குறைவு. டிப்ஸில்தான் வீட்டுக்குப் பணம் அனுப்புவார்கள். அவனால் அந்த சீசனில் ஹேண்டில் பிடிக்க முடியவில்லை. வண்டி கழுவும் வேலை கொடுத்தார்கள். விசா முடிந்ததும் புதுப்பிக்காமல் ஊருக்கு அனுப்பினார்கள். புறப்படும் நாளில் என்னிடம் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதற்கு நன்றி சொன்னான். நான் கை குலுக்கினேன். இடது கையை நீட்டினான்.

பல வருடம் சொல்லாமல் இருந்தேன். போன வருடம் அவன் எண்ணைத் தேடிப் பிடித்து, போனில் எல்லாவற்றையும் சொன்னேன். என் இந்தி தடுமாறியது. ஆனால் எதையும் விடவில்லை. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது வேறு. "அந்த விளக்கு எரிந்ததா உஸ்தாத்? நான்தான் பார்க்காமல் விட்டேனா?" இத்தனை வருடமாக அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். எரியவில்லை என்றேன். ஏன் எரியாது என்று விளக்கினேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொன்னேன்.

பிறகு, எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியுமா என்றான். இந்தியில் எழுதி அனுப்பினேன். கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பதில் இல்லை. சம்பளத்தில் பிடித்த பணத்தை நான் அனுப்பினேன்; வாங்கிக்கொண்டான். டிப்ஸில் இழந்த கணக்கைக் கேட்டால் சொல்ல மறுக்கிறான். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.